சொல்லாத கட்டணம் கடனாகுமா? – கடைசி நேர ரத்தும் வாடிக்கையாளரின் பொறுப்பும்

1. ஒரு சேலையும் ஒரு ரசீதும்

சென்னையில் ஒருவர் புதுச் சேலையொன்றைச் சலவைக் கடையில் கொடுத்தார். சேலை தொலைந்துபோயிற்று. விலையைக் கேட்டபோது, கடைக்காரர் தரப்பு ரசீதில் அச்சிட்டிருந்த விதியைக் காட்டியது. பொருள் தொலைந்தால் அதன் சந்தை விலையில் 15 விழுக்காடுதான் கிடைக்கும் என்றது அந்த விதி. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. தன் கவனக்குறைவால் ஒரு பொருளைத் தொலைத்துவிட்டு, அச்சடித்த ஒரு வரியைக் காட்டித் தப்பித்துக்கொள்வது பொதுநலக் கொள்கைக்கு மாறானது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1966-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் பதிவான லில்லி ஒயிட் வழக்கு இது. ஒப்பந்தச் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் இதைப் படிக்கிறார்கள்.

அறுபது ஆண்டுகள் கழித்து அதே கேள்வி வேறு உருவில் வந்திருக்கிறது. பல் மருத்துவரிடமோ அழகு நிலையத்திலோ பிசியோதெரபி நிலையத்திலோ ஒருவர் அப்பாயின்ட்மென்ட் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்று காலை குழந்தைக்குக் காய்ச்சல். "இன்றைக்கு வர முடியவில்லை" என்று போன் செய்கிறார். "ஒரு நாள் முன்னாடியே சொல்லியிருக்கணும், 500 ரூபாய் கேன்சலேஷன் சார்ஜ் இருக்கு" என்று பதில் வருகிறது. நேரம் கொடுத்தபோது யாரும் அதைச் சொல்லவில்லை. சுவரில் பலகை இல்லை, வந்த குறுஞ்செய்தியிலும் ஒரு வரி இல்லை. அந்த 500 ரூபாயை அவர் கொடுத்தாக வேண்டுமா?

இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியை இந்தியச் சட்டத்தின் எல்லைக்குள் ஆராய்கிறது. நம் ஒப்பந்தச் சட்டம் ஆங்கிலேயச் சட்டத்திலிருந்து கிளைத்தது என்பதால் சில ஆங்கிலத் தீர்ப்புகளையும், ஒப்பீட்டுக்காக ஜெர்மனியின் அனுபவத்தையும் துணைக்கு எடுத்துக்கொள்கிறது. தொடங்குமுன் மூன்று நிலைகளைப் பிரித்துக்கொள்வது அவசியம்: அறவே சொல்லப்படாத கட்டணம், சொன்னதாகப் பெயருக்குச் சொல்லி மறைத்து வைத்த கட்டணம், தெளிவாகச் சொல்லப்பட்டாலும் அளவு மீறிய கட்டணம். பேச்சு வழக்கில் மூன்றும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. சட்டம் இவை ஒவ்வொன்றையும் தனித்தனியாகவே அணுகுகிறது.

2. நிலவிவரும் இரண்டு நம்பிக்கைகள்

முதல் நம்பிக்கை கடைக்காரர்களுடையது. "எங்கள் கடை, எங்கள் விதி." இது வாடிக்கையாளர்களிடமும் ஆழமாக வேரோடியிருக்கிறது. விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்ற பலகையைப் பார்த்து வளர்ந்தவர்கள் அதைச் சட்டம் என்றே எண்ணிவிடுகிறார்கள். ஆனால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. கடையின் பலகைக்கு மேலே நாட்டின் சட்டம் இருக்கிறது.

இரண்டாவது நம்பிக்கை வாடிக்கையாளர் பக்கத்தது. "முன்கூட்டியே சொல்லவில்லையா? அப்படியானால் எனக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது." இதன் முதல் பாதி பெரிதும் சரி. இரண்டாம் பாதியைச் சட்டம் அவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்வதில்லை. ஒருவருக்காக ஒரு மணி நேரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, மற்றவர்களைத் திருப்பியனுப்பியவருக்கு நேரும் இழப்பும் மெய்யான இழப்புதான்.

இரண்டு நம்பிக்கைகளுக்கும் நடுவில்தான் விடை இருக்கிறது. அதை அடைய முதலில் கேட்க வேண்டியது, ஒப்பந்தம் எந்தக் கணத்தில் முடிவாகிறது என்பது.

3. எந்தக் கணத்தில் சொல்ல வேண்டும்?

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு இசைவு என்றால் என்னவென்று வரையறுக்கிறது. இரு தரப்பும் ஒரே விஷயத்தை ஒரே பொருளில் ஒப்புக்கொள்வதே இசைவு. "புதன்கிழமை மாலை 5 மணிக்கு வாங்க" என்று ஒருவர் சொல்லி, "சரி, வருகிறேன்" என்று மற்றவர் சொல்லும்போது நாளிலும் நேரத்திலும் வேலையிலும் இசைவு ஏற்பட்டுவிடுகிறது. வராவிட்டால் 500 ரூபாய் என்பது அந்தப் பேச்சில் வரவேயில்லை. வராத ஒன்றுக்கு இசைவும் இல்லை.

அப்படியானால் பிறகு சொன்னால் போதாதா? போதாது என்று 1949-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆலி வழக்கில் சொன்னது. தங்கும் விடுதியொன்றில் வரவேற்பு மேசையில் பணம் கட்டி ஒப்பந்தம் முடிந்துவிட்டது. பொருள் களவுபோனால் விடுதி பொறுப்பாகாது என்ற அறிவிப்போ மாடியில் படுக்கையறைச் சுவரில் இருந்தது. விருந்தினரின் விலையுயர்ந்த ஆடைகள் திருடுபோனபோது அந்த அறிவிப்பு விடுதியைக் காக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்த பிறகு கண்ணில் பட்ட விதி அந்த ஒப்பந்தத்தின் பகுதியாகாது. அப்பாயின்ட்மென்ட் போனில் முடிவான பிறகு, கிளினிக்கின் உள்ளறையில் தொங்கும் பலகைக்கும் இதே கதிதான்.

சொன்னதாகப் பெயருக்குச் சொல்லும் இரண்டாம் நிலைக்கு மிகப் பொருத்தமான வழக்கு 1987-இல் தீர்ப்பான இன்டர்ஃபோட்டோ வழக்கு. ஒரு விளம்பர நிறுவனம் புகைப்பட நூலகம் ஒன்றிடமிருந்து 47 படச் சில்லுகளை இரவல் வாங்கியது. கூடவே வந்த சீட்டில், 14 நாளுக்குமேல் வைத்திருந்தால் சில்லு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 5 பவுண்டு என்று ஒரு விதி இருந்தது. யாரும் படிக்கவில்லை. திருப்பித்தரத் தாமதமானபோது வந்த பில் 3,783 பவுண்டு 50 பென்ஸ். விதி எவ்வளவு கடுமையானதோ அவ்வளவு வெளிப்படையாக அதை எடுத்துக்காட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். சாதாரணமான விதி சீட்டில் இருந்தால் போதும். வழக்கத்துக்கு மாறான கடுமையான விதியைத் தனியே சுட்டிக் காட்டியிருக்க வேண்டும். இங்கே கவனிக்கத்தக்க இன்னொன்றும் உண்டு. நீதிமன்றம் அந்த நிறுவனத்தை ஒன்றுமே தராமல் விட்டுவிடவில்லை. சில்லு ஒன்றுக்கு வாரத்துக்கு 3 பவுண்டு 50 பென்ஸ் என்ற நியாயமான தொகையைத் தரச் சொன்னது. கட்டணம் நிலைக்கவில்லை, நியாயமான ஈடு நிலைத்தது. இந்தக் கட்டுரை இறுதியில் வந்துசேரும் இடமும் ஏறத்தாழ இதுதான்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் இங்கேயே எடைபோட வேண்டும். கையெழுத்திட்டவர் படிக்கவில்லை என்று சொல்லித் தப்பமுடியாது என்பது பழைய நெறி. 1996-இல் பாரதி நிட்டிங் வழக்கில், கூரியர் சீட்டில் கையெழுத்திட்ட நிறுவனம், அதில் அச்சிட்டிருந்த 100 டாலர் வரம்புக்குக் கட்டுப்பட்டது என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே முதல்முறை வரும்போது ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கி, அதில் ரத்துக் கட்டணமும் தெளிவாக எழுதியிருந்தால் வாடிக்கையாளரின் நிலை வெகுவாக வலுவிழக்கிறது. செயலியில் விதிகளை ஏற்கிறேன் என்று பொத்தானை அழுத்துவதும் கையெழுத்தைப் போன்றதே என்று நிறுவனங்கள் வாதிடலாம்.

பழைய வாடிக்கையாளர் என்றால்? முன்பு ஒருமுறை இதே கட்டணத்தைக் கட்டியவருக்கு அது தெரியாது என்று சொல்வது கடினம். ஆனால் சில முறை வந்துபோனதாலேயே எல்லா விதிகளும் தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. கார் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றைப் பற்றிய 1972-ஆம் ஆண்டு ஆங்கிலத் தீர்ப்பில், ஐந்து ஆண்டுகளில் மூன்று நான்கு முறை வந்ததை வைத்து அப்படி முடிவுகட்ட இயலாது என்றார்கள்.

விதியைச் சொன்னோம் என்று நிரூபிக்க வேண்டியவர் யார்? உரிமை கோருபவரே அதற்கு ஆதாரமான உண்மைகளை நிரூபிக்க வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தின் அடிப்படை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 104-ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. கட்டணம் கேட்கும் கடைதான் சொன்னதற்கான சான்றைக் காட்ட வேண்டும். சொல்லவில்லை என்பதை வாடிக்கையாளர் நிரூபிக்கத் தேவையில்லை.

4. நுகர்வோர் சட்டம் சேர்க்கும் கடமைகள்

ஒப்பந்தச் சட்டம் இரு தரப்பையும் சமமானவர்களாகக் கருதி எழுதப்பட்டது. நுகர்வோர் சட்டம் அவர்கள் சமமானவர்கள் அல்ல என்பதை ஏற்றுக்கொண்டு தொடங்குகிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சேவையின் தரத்தையும் விலையையும் பற்றித் தகவல் பெறுவதை நுகர்வோரின் உரிமை என்கிறது. அதே சட்டத்தின் 2(11) பிரிவு, சேவைக் குறைபாடு என்பதற்குத் தரும் விளக்கத்தில், தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேர்த்திருக்கிறது. வேலையைச் சரியாகச் செய்யாதது மட்டுமல்ல, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டதும் குறைபாடே.

இணையவழி முன்பதிவுக்கு இன்னும் குறிப்பான விதிகள் உள்ளன. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி விற்பனையாளர் மொத்த விலையையும், அதில் அடங்கிய கட்டாயக் கட்டணங்களையும் பிரித்துக் காட்ட வேண்டும். அந்த விதிகளில் 4(8) இந்த ஆய்வுக்கு மிக முக்கியமானது. நிறுவனம் தன்னிச்சையாக ரத்து செய்யும்போது அதே போன்ற கட்டணத்தைத் தானும் ஏற்றுக்கொள்ளாவிட்டால், வாடிக்கையாளரிடமும் ரத்துக் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது அது. மருத்துவர் அவசரமாக வெளியூர் போய்விட்டார் என்று கடைசி நேரத்தில் நேரத்தை மாற்றும் கிளினிக் தன் செயலியின் வழியாக நோயாளிக்கு என்ன கொடுக்கிறது? வாங்குவதும் கொடுப்பதும் ஒரே அளவுகோலில் இருக்க வேண்டும் என்ற இந்த நெறி, சாதாரண மனிதரின் நியாய உணர்வுக்கு மிக நெருக்கமானது.

2022 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இரண்டு பெரிய வாடகைக் கார் செயலிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதில் எழுப்பப்பட்ட குறைகளில் ஒன்று, ரத்துக் கட்டணம் எவ்வளவு என்பதைப் பயணத்தைப் பதிவு செய்யுமுன் பளிச்சென்று காட்டவில்லை என்பது. எத்தனை நிமிடத்துக்குள் கட்டணமின்றி ரத்து செய்யலாம் என்பதும் பயணிக்குத் தெரிவதில்லை என்பது இன்னொன்று. அதாவது, ரத்துக் கட்டணம் என்ற ஒன்று இருப்பது மட்டும் பயணிக்குத் தெரிந்தால் போதாது. எவ்வளவு, எப்போதிலிருந்து என்பதும் முன்பே தெரிய வேண்டும் என்பதே அந்த நோட்டீஸின் உட்கருத்து.

2023 நவம்பர் 30-இல் வந்த வழிகாட்டு நெறிகள் 'டார்க் பேட்டர்ன்' எனப்படும் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைத் தடை செய்தன. விலையின் ஒரு பகுதியை முதலில் மறைத்துவிட்டுப் போகப்போகச் சொட்டுச் சொட்டாகக் காட்டுவது அவற்றில் ஒன்று. ஒப்புக்கொண்டு முடித்தபின் கூடுதல் தொகையைக் கேட்பதும் அதே வகைக்குள் அடங்கும்.

இதற்கு அருகில் வைத்துப் பார்க்கத்தக்கது உணவக சேவைக் கட்டண விவகாரம். பில்லில் தானாகவே சேவைக் கட்டணத்தைச் சேர்க்கக் கூடாது என்று அதே ஆணையம் 2022 ஜூலை 4-இல் நெறிமுறை வெளியிட்டது. உணவக அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. 2025 மார்ச் 28-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் நெறிமுறையை உறுதிசெய்தது. பட்டியலில் அச்சிட்டிருந்தாலும் அந்தக் கட்டணத்தைக் கட்டாயமாக்க முடியாது என்பதே அங்கே எட்டிய நிலை. எனில், எங்குமே அச்சிடாத ரத்துக் கட்டணத்தின் நிலை இன்னும் பலவீனமானது.

5. சொன்ன கட்டணத்துக்கும் அளவு உண்டு

இனி மூன்றாம் நிலை. கட்டணம் தெளிவாகச் சொல்லப்பட்டது, வாடிக்கையாளரும் ஒப்புக்கொண்டார். எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாமா?

ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட தொகையை மேல்வரம்பாக மட்டுமே பார்க்கிறது. அந்த வரம்புக்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும். அச்சிட்ட தொகை முழுதும் தானாகக் கைக்கு வந்துவிடாது. 1969-இல் மௌலா பக்ஸ் வழக்கில் இது துலக்கமானது. ராணுவத்துக்கு உருளைக்கிழங்கும் முட்டையும் மீனும் வழங்க ஒப்பந்தம் எடுத்தவர் சரியாக வழங்கவில்லை. அவர் கட்டியிருந்த 18,500 ரூபாய் வைப்புத்தொகையை அரசு எடுத்துக்கொண்டது. கணக்கிட்டு நிரூபிக்கக்கூடிய இழப்பை நிரூபிக்காமலே வைப்புத்தொகையை விழுங்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். அவர் தராத முட்டையை அரசு வேறெங்கே, என்ன விலைக்கு வாங்கியது என்பதைக் காட்டியிருக்கலாம் அல்லவா?

2015-இல் கைலாஷ்நாத் வழக்கு அதே நெறியை இன்னும் கூர்மையாக்கியது. டெல்லி வளர்ச்சி ஆணையம் ஒரு மனையை 3.12 கோடி ரூபாய்க்கு ஏலம் விட்டு, பின்னர் ஒதுக்கீட்டை ரத்து செய்து, 78 லட்சம் முன்பணத்தையும் எடுத்துக்கொண்டது. அதே மனை மறு ஏலத்தில் 11.78 கோடிக்குப் போனது. வாங்கியவர் பக்கம் ஒப்பந்த மீறலே இல்லை, ஆணையத்துக்கு இழப்பும் இல்லை என்று கண்ட உச்ச நீதிமன்றம் முன்பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. மனை பெரிது, முடிதிருத்தும் நாற்காலி சிறிது. தர்க்கம் இரண்டுக்கும் ஒன்றே. ரத்தான மாலை 5 மணி அப்பாயின்ட்மென்ட்டில் காத்திருந்த இன்னொருவர் அமர்ந்து முடிவெட்டிக்கொண்டு பணமும் கொடுத்துவிட்டால், கடைக்கு நேர்ந்த இழப்பு என்ன?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(46) பிரிவு இதை நேரடியாகவே எழுதிவைத்திருக்கிறது. நேர்ந்த இழப்போடு சற்றும் பொருந்தாத தண்டத்தை நுகர்வோர் மீது சுமத்தும் ஒப்பந்தம் நியாயமற்ற ஒப்பந்தம்.

கட்டணம் கேட்பவருக்குச் சாதகமாகப் போன வழக்கையும் மறைக்கக் கூடாது. 2015-இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் பார்க்கிங்ஐ வழக்கில், செம்ஸ்ஃபோர்டு நகர வணிக வளாகத்தில் இரண்டு மணி நேர இலவச அனுமதியைத் தாண்டி 56 நிமிடம் காரை நிறுத்தியவர் 85 பவுண்டு கட்ட வேண்டும் என்றது. இடத்தைச் சுழற்சியில் பலருக்கும் கிடைக்கச் செய்வதில் நிறுத்துமிட நிறுவனத்துக்கு நியாயமான அக்கறை உண்டு என்பது காரணம். ஆனால் அந்தத் தீர்ப்பின் அடித்தளமாக இருந்தவை வளாகம் முழுக்க வைத்திருந்த ஏறத்தாழ 20 பெரிய பலகைகள். தொகை உள்ளே நுழைபவர் கண்ணில் படும்படி எழுதியிருந்தது. கட்டணம் கேட்பவர் மேற்கோள் காட்ட விரும்பும் அந்த வழக்குகூட, வெளிப்படையாகச் சொன்னதன் வலுவில்தான் வென்றது.

நம் நாட்டிலேயே முறையாகச் சொல்லி வாங்கும் ரத்துக் கட்டணங்களுக்குப் பஞ்சமில்லை. 2015-இல் வந்த ரயில்வே விதிகள் வகுப்புவாரியாகத் தொகையை வரையறுத்தன. அவற்றின்படி 48 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால் தூங்கும் வசதிப் பெட்டிக்கு 120 ரூபாய் என்றிருந்தது, நேரம் நெருங்க நெருங்கக் கட்டணத்தில் விழுக்காடு கூடியது. விமான நிறுவனங்கள் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கூடுதல் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்கு மேல் ரத்துக் கட்டணம் வாங்கக் கூடாது. 2025-இல் வந்த வாடகைக் கார் நெறிமுறைகள், தகுந்த காரணமின்றி ரத்து செய்யும் ஓட்டுநருக்கும் பயணிக்கும் ஒரே வரம்பை வைத்தன: கட்டணத்தில் 10 விழுக்காடு, அதிகபட்சம் 100 ரூபாய். முன்பே தெரிந்த தொகை, படிப்படியான அளவு, இரு தரப்புக்கும் ஒரே நீதி. ரயில்வேக்கும் கார் செயலிக்கும் விதித்த ஒழுங்கு பார்லருக்கும் கிளினிக்குக்கும் மட்டும் பொருந்தாமல் போவதற்குக் காரணம் எதுவும் தென்படவில்லை.

6. காலியாகக் கிடந்த நாற்காலி

கடைக்காரரின் பக்கத்தை முழு மனத்தோடு கேட்காமல் இந்த ஆய்வு நிறைவாகாது. தையல்காரர் ஒரு மணி நேரம் இழந்தால் அதே துணியை இரவில் தைக்கலாம். மணப்பெண் அலங்காரம் செய்பவருக்கு அந்த வசதி இல்லை. முகூர்த்த நாள் ஒன்றுக்கு ஒரு பெண்ணுக்கே ஒப்புக்கொள்ள முடியும். முந்தைய இரவு வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அந்த நாளின் வருமானம் போனது போனதுதான். ஒற்றை ஆளாக நடத்தும் பிசியோதெரபி நிலையத்தில் ஒரு நாளில் மூன்று பேர் வராமல் போனால் வாடகைக்கே இடிக்கும். அவர்களுடைய நேரத்தை மதிக்காமல் நடந்துகொள்வது தவறு. அதைத் தவறு என்று சொல்ல இந்தக் கட்டுரைக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

இங்கேதான் ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆவது பிரிவு வருகிறது. 74-ஆவது பிரிவு செயல்பட ஒப்பந்தத்தில் ஒரு தொகை குறிக்கப்பட்டிருக்க வேண்டும். சொல்லாத கட்டணத்தில் குறித்த தொகையே இல்லை என்பதால் அந்தப் பிரிவின் வாசலே திறக்காது. ஆனால் 73-ஆவது பிரிவு, ஒப்பந்தத்தை மீறியதால் இயல்பாக நேர்ந்த மெய்யான இழப்புக்கு ஈடு கேட்க இடம் தருகிறது. நிபந்தனைகள் இரண்டு. இழப்பைக் காட்ட வேண்டும். இழப்பைக் குறைக்கத் தன்னாலான வழியைப் பார்த்திருக்க வேண்டும். மணப்பெண் அலங்காரக் கலைஞர் ஏற்கெனவே வாங்கிவைத்த பூவின் விலையையும், திருப்பியனுப்பிய வேறொரு அழைப்பையும் காட்டினால் அவருக்கு வலுவான வழக்கு உண்டு. காத்திருப்போர் வரிசை நீண்ட கிளினிக்குக்கு அப்படியொரு வழக்கு அரிது.

ஜெர்மனியின் உரிமையியல் சட்டம் இதே பாதையில் கொஞ்சம் தாராளமாக நடக்கிறது. அதன் 615-ஆவது பிரிவின்படி, சேவையைப் பெற வேண்டியவர் குறித்த நேரத்தில் பெறாவிட்டால் சேவை தருபவர் ஊதியத்தைக் கேட்கலாம். ஆனால் அதனால் மிச்சமான செலவையும், அந்த நேரத்தில் வேறு வழியில் ஈட்டியதையும் கழித்துவிட வேண்டும். சிகிச்சை ஒப்பந்தங்களுக்கும் இது பொருந்தும் என்று 2022 மே மாதம் அந்நாட்டின் மத்திய உச்ச நீதிமன்றம் கொள்கையளவில் ஏற்றது. அந்த வழக்கில் மட்டும், கரோனா கால விதிகளால் அன்று சிகிச்சை தரவே இயலாத நிலை இருந்ததால் சிகிச்சை நிலையத்துக்குப் பணம் கிடைக்கவில்லை. சொல்லாமலே ஓரளவு ஈடு கேட்கலாம் என்னும் இந்த முறையும், மனம்போன தொகையை அனுமதிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கழித்தபின் மிஞ்சுவதே இழப்பு.

ரத்துக் கட்டணத்துக்குச் சொல்லப்படும் இன்னொரு நியாயம், அது மக்களை ஒழுங்குபடுத்தும் என்பது. இந்த நியாயத்தை ஏற்றுக்கொண்டால், சொல்லாத கட்டணத்தின் நிலை மேலும் சரிகிறது. தெரியாத கட்டணம் யாருடைய முடிவையும் மாற்றாது. காலையில் போன் செய்பவர், முந்தைய நாளே சொல்லியிருந்தால் பணம் மிச்சம் என்பதை அறிந்திருந்தால்தானே முந்தைய நாள் சொல்லியிருப்பார்? நடந்தபின் கேட்கும் தொகை ஒழுங்கையும் உண்டாக்கவில்லை, இழப்பையும் அளக்கவில்லை. அது வருமானமாக மட்டுமே நிற்கிறது. இதுவே சொல்லாத கட்டணத்துக்கு எதிரான மிக வலுவான வாதம்.

சொன்ன கட்டணமும் எப்போதும் ஒழுங்கைக் கூட்டுவதில்லை என்பதற்கு ஓர் ஆய்வு உண்டு. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 குழந்தைக் காப்பகங்களில் பொருளியலாளர்கள் உரி கனீசியும் ஆல்டோ ருஸ்டிசினியும் நடத்திய ஆய்வு 2000-இல் வெளியானது. ஆறு காப்பகங்களில், தாமதமாக வரும் பெற்றோருக்கு 10 ஷேகல் அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையவில்லை, கூடியது. அதுவரை ஆசிரியையைக் காக்க வைக்கிறோமே என்று கூச்சப்பட்டவர்கள், காசு கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று எண்ணத் தொடங்கினார்கள். அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. நம்மூர்ப் பார்லருக்கும் கிளினிக்குக்கும் வாடிக்கையாளரோடு உள்ள உறவு பெரும்பாலும் முகம் பார்த்துப் பழகும் உறவு. அந்தக் கூச்சத்தைக் காசாக மாற்றுமுன் கடைக்காரரும் ஒருமுறை யோசிக்கலாம்.

7. மருத்துவமனையின் வாசலில்

எல்லா அப்பாயின்ட்மென்ட்டும் ஒரே வகை அல்ல. முகப்பூச்சுக்கு வராமல் போவதும், டயாலிசிஸுக்கு வராமல் போவதும் ஒன்றல்ல. இந்தியாவில் கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது. ஆகவே மேலே சொன்ன கடமைகள் கிளினிக்குகளுக்கும் உரியவை. வழக்கறிஞர் சேவை இதற்குள் வராது என்று 2024 மே மாதம் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்ததால், வழக்கறிஞரிடம் வாங்கிய நேரம் பற்றிய தகராறு ஒப்பந்தச் சட்டத்தின் வழியேதான் தீர வேண்டும்.

இங்கிலாந்தில் அரசு மருத்துவத் திட்டத்தின் கீழ் வரும் பல் மருத்துவர், நோயாளி வராமல் போனதற்குக் கட்டணம் வாங்க முடியாது. 2022-இல் ரிஷி சுனக் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டபோது, குடும்ப மருத்துவரிடம் வாங்கிய நேரத்துக்கு வராதவர்களுக்கு 10 பவுண்டு அபராதம் என்ற யோசனையை முன்வைத்தார். அவர் பிரதமரான பிறகு அது கைவிடப்பட்டது. நோயாளி வராமல் போவதற்கு வேலை, பேருந்து, வலி, பயம் என்று எத்தனையோ காரணங்கள். அபராதத்துக்குப் பயந்து மறுமுறை வராமலே இருந்துவிடுபவர் முதலில் ஏழையாகத்தான் இருப்பார். சிகிச்சையின் வாசலில் ரத்துக் கட்டணத்தை வைக்க விரும்பும் எவரும் இதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

8. பணம் யார் கையில் இருக்கிறது?

சட்டம் யார் பக்கம் என்பது ஒரு கேள்வி, பணம் யார் கையில் என்பது இன்னொன்று. வெளிநாடுகள் பலவற்றில் கடை வாடிக்கையாளரின் கார்டு விவரத்தை வைத்திருந்து, வராவிட்டால் அதிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. இந்தியாவில் 2022 அக்டோபர் 1 முதல், கார்டு வழங்கும் வங்கிகளும் கார்டு வலையமைப்புகளும் தவிர வேறு யாரும் கார்டு எண்ணைச் சேமித்துவைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதித்துவிட்டது. அதனால் இங்கே கட்டணம் வேறு இரு வடிவங்களில் வருகிறது. ஒன்று, அட்வான்ஸைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்வது. மற்றொன்று, அடுத்த முறை வரும்போது பழைய பாக்கி என்று பில்லில் சேர்ப்பது.

இரண்டாவதில் வாடிக்கையாளருக்கு மறுக்கும் வாய்ப்பாவது இருக்கிறது. முதலாவதில் பணம் ஏற்கெனவே போய்விட்டது. வழக்குத் தொடுக்கும் சுமை அவர் தலையில் விழுகிறது. அட்வான்ஸ் வாங்கும்போதே அது எந்த நிலையில் திரும்பக் கிடைக்கும், எந்த நிலையில் கிடைக்காது என்று எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்வது அதனால்தான் முக்கியமாகிறது.

தீர்வு கேட்கும் வழி இருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. தான் வசிக்கும் மாவட்டத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் தொடுக்கலாம். ஆயினும் சட்டத்தில் ஓர் இடைவெளி உறுத்துகிறது. நியாயமற்ற ஒப்பந்தம் என்ற அடிப்படையில் வழக்கைக் கேட்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் உண்டு, மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. 500 ரூபாய் தண்டத்தை எதிர்க்கத் தென்காசியிலிருந்து ஒருவர் மாநில ஆணையத்தின் படியேற வேண்டும் என்பது, அந்தப் பிரிவைச் சாதாரண மக்களுக்குப் பூட்டிவைப்பதற்குச் சமம். ஒருதலைப்பட்சமான ஒப்பந்த விதி முறையற்ற வணிக நடைமுறையே என்று 2019-இல் பயனீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இது ஓரளவு கைகொடுக்கிறது. முறையற்ற வணிக நடைமுறை, சேவைக் குறைபாடு என்ற அடிப்படைகளில் மாவட்ட ஆணையத்தையே அணுகலாம்.

9. முடிவும் முன்மொழிவும்

சான்றுகளைத் தொகுத்துப் பார்த்தால் விடை இப்படி அமைகிறது. நேரம் உறுதியாகுமுன் சொல்லப்படாத ரத்துக் கட்டணத்தை வாடிக்கையாளர் கொடுக்கக் கடமைப்பட்டவர் அல்ல. அது ஒப்பந்தத்தின் பகுதியே ஆகவில்லை. அதைக் கட்டாயப்படுத்தி வாங்குவதும், அட்வான்ஸில் கழித்துக்கொள்வதும் சேவைக் குறைபாடாகவும் முறையற்ற வணிக நடைமுறையாகவும் கேள்விக்குள்ளாகும். மூலையில் ஒளித்து எழுதிய கட்டணம், அதன் கடுமையைப் பொறுத்துச் செல்லாமல் போகலாம், கையெழுத்து இருந்தால் நிலை மாறலாம். தெளிவாகச் சொன்ன கட்டணம் செல்லும், நியாயமான இழப்பின் அளவுக்கு மட்டும். எதுவுமே சொல்லப்படாத இடத்திலும், மெய்யான இழப்பை நிரூபிக்கும் கடைக்காரருக்கு 73-ஆவது பிரிவு திறந்தே இருக்கிறது.

இதை நடைமுறையாக்கப் பெரிய சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. மாவட்ட ஆணையங்களுக்கு நியாயமற்ற ஒப்பந்தங்களைக் கேட்கும் அதிகாரம் தர வேண்டும் என்ற ஒரு திருத்தம் போதும். மற்றவை கடைகளின் கையில் இருக்கின்றன. நேரத்தை உறுதிசெய்து அனுப்பும் குறுஞ்செய்தியில் நான்கு செய்திகள் இடம்பெறலாம்: எந்த நேரம் வரை இலவசமாக ரத்து செய்யலாம், அதன்பின் எவ்வளவு, உடல்நலக் குறைவுக்கு விலக்கு உண்டா, கடையே ரத்து செய்தால் வாடிக்கையாளருக்கு என்ன கிடைக்கும். அதற்குச் சரி என்று ஒரு பதில் வந்துவிட்டால், அந்த 500 ரூபாயைக் கேட்கும் கடைக்காரரிடம் சான்று இருக்கும், கொடுக்கும் வாடிக்கையாளருக்கு அது எதற்கென்று தெரிந்திருக்கும். முந்தைய நாள் மாலை ஒரு நினைவூட்டலும் வந்தால், பல நேரங்களில் அந்தப் பணத்தைக் கேட்க வேண்டிய தேவையே வராது.